சூப்பர்மேன் 2: ஒரு காட்சி, இரண்டு ‘கட்’

‘டைரக்டர்ஸ் கட்’ என்றதும் மூன்று நினைப்புகள் சேர்ந்தே வந்துவிடுகின்றன. அது தியேட்டரில் ஓடியதைவிட நீளமாக இருக்கும். அதுதான் அசல், தியேட்டரில் ஓடியது தயாரிப்பாளர் கத்தரித்துப் போட்ட மிச்சம். இரண்டிலும் இருப்பது அதே படப்பிடிப்பு, ஒட்டிய விதம் மட்டும் வேறு. சில படங்களுக்கு இவை பொருந்தும். ‘சூப்பர்மேன் 2’ படத்துக்கு மூன்றுமே பொருந்தாது.

1980 டிசம்பரில் முதலில் ஆஸ்திரேலியாவில் வெளியான தியேட்டர் பதிப்பு 127 நிமிடம். 2006ல் டிவிடியில் வந்த ‘ரிச்சர்ட் டானர் கட்’ 116 நிமிடம். இயக்குநரின் பதிப்புதான் 11 நிமிடம் குறைவு. அதிலும் இன்னொரு இயக்குநர் எடுத்த காட்சிகள் கலந்திருக்கின்றன. நாம் பார்க்கப்போகும் முக்கியமான காட்சியோ, இரண்டு பதிப்பிலும் வேறு வேறு வசனத்தோடு, வேறு வேறு காலத்தில் எடுக்கப்பட்டது. இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எது நன்றாக வெட்டப்பட்டிருக்கிறது’ என்று கேட்பதே பிசகு.

### எந்தக் காட்சி?

கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று லோயிஸ் லேன் உறுதிசெய்துகொள்ளும் காட்சி. கிளார்க்காக கிறிஸ்டோபர் ரீவ், லோயிஸாக மார்கோ கிடர். இடம் இரண்டு பதிப்பிலும் நயாகரா அருவிப் பக்கத்து ஹோட்டல் அறை. புதுமணத் தம்பதிபோல வேடம் போட்டுக்கொண்டு, பத்திரிகைக்காகத் துப்புத் துலக்க வந்திருக்கிறார்கள்.

தியேட்டர் பதிப்பில் லோயிஸுக்கு ஏற்கெனவே சந்தேகம். சோதித்துப் பார்க்க ஆற்றில் குதிக்கிறாள். கிளார்க், யாரும் பார்க்காதபடி கண்ணிலிருந்து வெப்பக்கதிரை விட்டு ஒரு மரக்கிளையை ஒடித்து விழவைக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பிக்கிறாள். சூப்பர்மேன் வரவில்லை, ஆகவே சோதனை தோற்றது. பிறகு ஹோட்டல் அறையில், தரையில் விரித்திருக்கும் கரடித்தோல் விரிப்பில் கிளார்க் இடறி விழ, அவன் கை கணப்பு நெருப்புக்குள் போகிறது. லோயிஸ் பதறிப்போய்க் கையைப் பிடித்துப் பார்க்கிறாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

டானர் பதிப்பில் ஆறு கிடையாது. லோயிஸ் தன் அலுவலகமான டெய்லி பிளானட் ஜன்னல் வழியாகவே குதிக்கிறாள். கிளார்க் மின்னல் வேகத்தில் கீழே தெருவுக்கு ஓடி, வாயால் ஊதி அவள் விழும் வேகத்தைக் குறைத்து, ஒரு கடைப் பந்தலையும் விரித்துவிடுகிறான். அவள் அதில் பட்டு எகிறிப் பழக்கடையில் போய் விழுகிறாள். இந்தச் சோதனையும் தோற்கிறது. பிறகு நயாகரா ஹோட்டல் அறையில் அவள் கைத்துப்பாக்கியை எடுத்துக் கிளார்க்கை நோக்கிச் சுட்டுவிடுகிறாள். அவன் நிமிர்ந்து நின்று, கண்ணாடியைக் கழற்றி, சூப்பர்மேன் குரலில் அவளைக் கண்டிக்கிறான்: உன் கணிப்பு தவறியிருந்தால் கிளார்க் செத்திருப்பானே! அப்போதுதான் அவள் சொல்கிறாள், துப்பாக்கியில் இருந்தது வெற்றுத் தோட்டா என்று.

இரண்டு பதிப்பிலும் கதை அடுத்து போகும் இடம் ஒன்றுதான். உண்மை தெரிந்த லோயிஸை அவன் தன் பனிப்பிரதேசத்துக் கோட்டைக்கு அழைத்துப் போகிறான். அங்கே போய்ச் சேரும் வழிதான் வேறு.

### ‘கட்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை

ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்வோம். வீடியோக்காரர் இரண்டு நாள் எடுத்த பதிவு பத்துப் பதினைந்து மணிநேரம் இருக்கும். அதிலிருந்து மூன்று மணிநேரம் கோத்துக் கொடுப்பார். பெண்வீட்டுப் பிரதியில் அவர்கள் சொந்தம் அதிகம், மாப்பிள்ளை வீட்டுப் பிரதியில் இவர்கள் சொந்தம் அதிகம் என்றால், அது ஒரே பதிவை இரண்டு விதமாக வெட்டியது. தாலி கட்டும் நேரத்தில் யாரோ குறுக்கே நின்றுவிட்டார்கள், கூட்டம் கலைந்த பிறகு மாப்பிள்ளையை மறுபடியும் கழுத்தருகே கையைக் கொண்டுபோகச் சொல்லி எடுத்தார்கள் என்றால், அது புதிதாக எடுத்தது. அதுவும் முடியாமல் நிச்சயதார்த்தத்தன்று எடுத்த ஒரு துண்டை அந்த இடத்தில் சொருகினார்கள் என்றால், அது இருப்பதை வைத்து ஓட்டை அடைத்தது. பார்ப்பவருக்கு மூன்றும் ‘கல்யாண வீடியோ’தான்.

சினிமாவிலும் இப்படியே. முதலில் நான்கு சொற்கள். ‘ஆக்‌ஷன்’ சொன்னதிலிருந்து ‘கட்’ சொல்லும்வரை கேமராவில் ஒருமுறை பதிவானது டேக். எடுத்த டேக் எல்லாம் சேர்ந்தது ஃபுட்டேஜ். முடிந்த படத்தில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஓடும் துண்டு ஷாட். தொடக்கத்திலிருந்து முடிவுவரை கோத்து முடித்த ஒரு முழுப் பதிப்பு கட்.

முதல் வகை, மறுவெட்டு. அதே ஃபுட்டேஜிலிருந்து வேறு தேர்வு. 1978ல் வந்த முதல் ‘சூப்பர்மேன்’ தியேட்டரில் 143 நிமிடம். 2000ல் டானர் மேற்பார்வையில் வந்த பதிப்பு 151 நிமிடம். 1982ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி இரண்டு இரவாகப் பிரித்துக் காட்டிய பதிப்பு மூன்று மணிநேரத்தைத் தொட்டது. கூடுதலாக வந்தவை முன்பே எடுத்து ஒதுக்கி வைத்தவை. அப்படி நீண்டதில் கலையைவிட வியாபாரம் அதிகம். ஒதுக்கிய துண்டுகளைத் திரும்பச் சேர்த்தால் இரண்டு இரவு விளம்பரம் ஓட்டலாம்.

இரண்டாம் வகை, ரீஷூட். இருப்பதைத் தள்ளிவிட்டுப் புதிதாக எடுப்பது. ‘ஜஸ்டிஸ் லீக்’ (2017) இதற்குத் தெரிந்த உதாரணம். இயக்குநர் சாக் ஸ்னைடர் விலகிய பிறகு ஜாஸ் வீடன் பல காட்சிகளை மறுபடி எடுத்தார். அப்போது சூப்பர்மேனாக நடித்த ஹென்றி காவில் வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்ததால் அதைக் கணினியில் அழித்தார்கள். அந்த மேலுதட்டைப் பார்த்தே எந்த ஷாட் யாருடையது என்று ரசிகர்கள் பிரித்துவிட்டார்கள். 2021ல் வந்த ஸ்னைடர் பதிப்பு 242 நிமிடம், தியேட்டரில் வந்ததைவிட இரு மடங்கு.

மூன்றாம் வகை, மறுகட்டமைப்பு. முடிக்காமல் விட்ட படத்தைக் கிடைத்த துண்டுகளால் நிரப்பி எழுப்புவது. டானர் கட் இந்த வகை.

சுருக்கமாக: மறுவெட்டில் தேர்வு மாறுகிறது. ரீஷூட்டில் பொருளே மாறுகிறது. மறுகட்டமைப்பில் எது கையில் இருந்ததோ அதுதான் முடிவுசெய்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் நம் காட்சி எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

### இந்தப் படத்தில் என்ன நடந்தது?

அலெக்சாண்டர் சால்கைண்ட், இலியா சால்கைண்ட், பியர் ஸ்பெங்லர் ஆகிய தயாரிப்பாளர்கள் இரண்டு படங்களையும் சேர்த்தே எடுக்கத் திட்டமிட்டார்கள். 1977ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டானர் இரண்டையும் ஒன்றாக எடுக்கத் தொடங்கினார். செலவும் நாளும் ஏற ஏற அவருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் சண்டை முற்றியது. முதல் படத்தை முடித்து வெளியிடுவோம் என்று இரண்டாம் படத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அதற்குள் அதன் பெரும்பகுதி எடுத்தாகிவிட்டது. முதல் படம் 1978 டிசம்பரில் வெளியாகி ஓட்டமாக ஓடியது. ஆனாலும் டானரைத் திரும்ப அழைக்கவில்லை. ரிச்சர்ட் லெஸ்டர் வந்தார். மிச்சத்தை எடுத்ததோடு, டானர் எடுத்திருந்த பலவற்றையும் மாற்றி எடுத்தார்.

ஜீன் ஹேக்மன் திரும்பி வர மறுத்தார். அதனால் தியேட்டர் பதிப்பில் வில்லன் லெக்ஸ் லூதராக நாம் பார்க்கும் ஹேக்மன் முழுக்க டானர் எடுத்தவர். தேவைப்பட்ட சில இடங்களில் டூப்பையும் குரல் போலி செய்பவரையும் வைத்து ஒப்பேற்றினார்கள். சூப்பர்மேனின் தந்தையாக நடித்த மார்லன் பிராண்டோ பணப் பங்குக்காக வழக்குப் போட்டதால், அவர் நடித்து முடித்திருந்த காட்சிகளை ஒதுக்கிவிட்டு, தாய் லாராவாக சுசன்னா யார்க்கை வைத்துப் புதிதாக எடுத்தார்கள்.

ஹோட்டல் துப்பாக்கிக் காட்சிக்கு வருவோம். வசனம் எழுதியாகிவிட்டது. டானர் அதை எடுப்பதற்குள் படம் கைமாறிவிட்டது. 2006ல் மைக்கேல் தாவ் பழைய ஃபுட்டேஜைத் தேடி எடுத்து டானர் பதிப்பைக் கோத்தபோது, அந்தக் காட்சிக்குக் கிடைத்தது ஸ்க்ரீன் டெஸ்ட் மட்டும். அதாவது, ஒரு நடிகர் பாத்திரத்துக்குப் பொருந்துவாரா என்று பார்க்கப் படம் தொடங்கும் முன் எடுக்கும் சோதனைப் பதிவு. ரீவுக்கும் கிடருக்கும் வேறு வேறு சமயத்தில் எடுத்த சோதனைகளில் இதே வசனம் இருந்தது. அவற்றைக் கலந்து காட்சியைத் தைத்தார்கள்.

அதனால்தான் அந்தக் காட்சியில் ரீவின் தலைமுடியும் மூக்குக்கண்ணாடியும் ஷாட்டுக்கு ஷாட் மாறுகின்றன. சில ஷாட்களில் ஆள் ஒல்லி. பாத்திரம் கிடைத்த பிறகுதான் அவர் டேவிட் பிரௌஸிடம் பயிற்சி எடுத்து உடம்பை ஏற்றினார். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் உடை, முடி, பொருள்கள் ஒத்துப்போவதை கன்டின்யூட்டி என்பார்கள். இங்கே அது உடைந்திருப்பது எடிட்டரின் கவனக்குறைவு அல்ல. வேறு ஃபுட்டேஜ் உலகத்திலேயே இல்லை.

ஆக, லெஸ்டரின் காட்சி, எழுதியிருந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாக எடுத்த ரீஷூட் வகை. டானரின் காட்சி மறுகட்டமைப்பு. இரண்டுக்கும் பொதுவான ஒரு ஷாட்கூட இல்லை. ‘டானர் கட்டில் எடிட்டிங் குதிக்கிறது’ என்ற குற்றச்சாட்டும், ‘லெஸ்டர் நல்ல காட்சியை வெட்டிவிட்டார்’ என்ற குற்றச்சாட்டும் இதோடு விழுந்துவிடுகின்றன. சோதனைப் பதிவாகத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு காட்சியை லெஸ்டர் எப்படி வெட்டியிருக்க முடியும்?

### பின்னே எதை ஒப்பிடுவது?

எடிட்டிங்கை ஒப்பிட முடியாவிட்டால், காட்சி செய்யும் வேலையை ஒப்பிடலாம். அதற்கு மூன்று கேள்வி போதும்: யாருக்கு என்ன தெரியும்? எப்போது தெரியும்? யார் செய்கையால் தெரிகிறது?

கிளார்க்தான் சூப்பர்மேன் என்பது பார்வையாளருக்கு முதலிலிருந்தே தெரியும். ஆகவே இது புதிர்க் காட்சி அல்ல. லோயிஸுக்கு எப்படித் தெரியப்போகிறது என்பதில்தான் சுவை. லெஸ்டரிடம் அது விபத்தால் தெரிகிறது. ஆற்றில் தோற்ற லோயிஸ் சந்தேகத்தைக் கைவிட்ட பிறகு, அவன் காலே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. எப்படி இடறினேன் என்று அவனுக்கே விளங்கவில்லை. மனசுக்குள் நீயே விரும்பியிருக்கலாம் என்கிறாள் லோயிஸ். இந்த ஒரு கருத்தில்தான் காட்சி நிற்கிறது. ஊருக்கெல்லாம் தடுமாறி நடித்தவன், நடிக்காமலே தடுமாறிய ஒரே இடம் இது. காட்சியின் பாரம் அவன் மேல்.

டானரிடம் அவள் செய்கையால் தெரிகிறது. ஜன்னலில் குதித்தபோது தன் உயிரைப் பணயம் வைத்தாள். இங்கே அவன் உயிரைப் பணயம் வைப்பதுபோல் காட்டுகிறாள். வெற்றுத் தோட்டா என்ற செய்தி அவனுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில், அவன் ஒப்புக்கொண்ட பிறகு கிடைக்கிறது. அந்த வரிசையை மாற்றி, அவள் வெற்றுத் தோட்டாவைப் போடுவதை முன்பே காட்டியிருந்தால் காட்சி படபடப்பை இழந்து வெறும் குறும்பாகியிருக்கும். பாரம் அவள் மேல், வெற்றியும் அவளுடையது. துப்பறியும் நிருபர் என்று படம் முழுக்கச் சொல்லிவிட்டு அவள் துப்பறிவதைக் காட்டும் பதிப்பு இதுதான் என்பதால், லோயிஸ் பாத்திரத்துக்கு டானர் காட்சியே பொருந்துகிறது என்பது எங்கள் கணிப்பு. அதில் ஓட்டை இல்லாமலும் இல்லை. தோட்டா மேலே படவே இல்லை என்பது குண்டு துளைக்காத உடம்புக்காரனுக்குத் தெரியாதா என்ன?

சுருக்கமாக: ஒன்றில் அவன் நழுவவிடுகிறான், மற்றதில் அவள் பிடிக்கிறாள். இந்த வேறுபாடு எழுத்திலேயே வந்தது.

### நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க

முதலில் காட்சியின் எல்லையைக் கதைச் சம்பவத்தால் குறியுங்கள், நேரத்தால் வேண்டாம். ‘லோயிஸ் அறைக்குள் வருவது முதல், அவன் ஒப்புக்கொள்வது வரை’ என்று வைத்தால் இரண்டு பதிப்பிலும் பொருந்தும். ‘45வது நிமிடம் முதல் 49வது நிமிடம் வரை’ என்று வைத்தால் பொருந்தாது.

நேரத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சினிமா ஒரு வினாடிக்கு 24 பிம்பம். இந்தியா, இலங்கை, பிரிட்டன் போன்ற நாடுகள் பயன்படுத்திய பால் தொலைக்காட்சி முறை வினாடிக்கு 25. அந்த நாடுகளுக்கான டிவிடிகளில் படத்தைச் சற்று வேகமாக ஓட்டியே பதிவுசெய்தார்கள். அதனால் 127 நிமிடப் படம் ஏறக்குறைய 122 நிமிடமாகத் தெரியும், குரலும் லேசாகக் கீச்சென்றிருக்கும். ‘எங்கள் டிவிடியில் ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்கள்’ என்ற புகார்களில் பல இந்த ரகம். ப்ளூரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பதிப்பையும் ஒரே வகைத் தட்டில் பார்ப்பது நல்லது.

படச்சட்டத்தையும் கவனிக்க வேண்டும். இந்தப் படங்கள் உயரத்தைப்போல் 2.39 மடங்கு அகலம் கொண்ட அகலத்திரைப் படங்கள். பழைய 4:3 தொலைக்காட்சிக்காக ஓரங்களை நறுக்கிய பிரதியில் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இருவர் எதிரெதிரே நிற்கும் ஷாட் அதில் ஒருவர் மட்டும் தெரியும் ஷாட்டாகிவிடும். அதைப் பார்த்து ‘டிவி பதிப்பில் வேறு ஷாட் போட்டிருக்கிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள்.

பிறகு ஷாட் பட்டியல். ஒரு தாளில் வரிசை எண், எத்தனை வினாடி, யார் தெரிகிறார், எவ்வளவு நெருக்கம், யார் பேசுகிறார் என்று ஐந்து பத்தி போதும். பேசுபவரும் தெரிபவரும் வேறாக இருக்கும் வரிகளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். அவை ரியாக்‌ஷன் ஷாட், கேட்பவரின் முகத்தைக் காட்டுபவை. காட்சியை எடிட்டர் யார் பக்கம் சாய்த்திருக்கிறார் என்பது அங்கேதான் பிடிபடும். மொத்த வினாடியை ஷாட் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். 180 வினாடியில் 30 ஷாட் என்றால் ஷாட்டுக்கு 6 வினாடி. சராசரியை மட்டும் வைத்து ‘இது வேகமான எடிட்டிங்’ என்று சொல்லிவிட முடியாது. 25 குட்டி ஷாட்டும் 5 நீண்ட ஷாட்டும் சேர்ந்தாலும் அதே 6 வரும்.

ஒலியைத் தனியாகப் பாருங்கள். ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டி, அடுத்த முறை திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டால் போதும். இந்தப் படத்தில் இது வெறும் பயிற்சி அல்ல. தியேட்டர் பதிப்புக்கு ஜான் வில்லியம்ஸின் மெட்டுகளை வைத்து ஆர்.ஆர். (பின்னணி இசை) செய்தவர் கென் தோர்ன். டானர் பதிப்போ பெருமளவு முதல் படத்துக்காக வில்லியம்ஸ் பதிவுசெய்த இசையையே எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒரு காட்சி கம்பீரமாகத் தோன்றினால், அது காட்சியால் வந்ததா, முதல் படத்து இசையின் ஞாபகத்தால் வந்ததா என்று சத்தத்தை அணைத்தால் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு ஷாட்டும் எந்தக் காலத்தது என்று பாருங்கள். தியேட்டர் பதிப்பில் ரீவ் உடம்பு ஏறியும், கிடர் இளைத்தும், அலங்காரம் மாறியும் தெரிந்தால் பெரும்பாலும் லெஸ்டர் காலத்து ஷாட். லூதர் முகம் காட்டாமல் பேசினால், குரலைக் கூர்ந்து கேளுங்கள்.

### முதலில் இந்தக் காட்சியை எடுங்கள்

ஹோட்டல் காட்சி புகழ்பெற்றது, ஆனால் புதியவர்களுக்கு அது கடினமான பாடம். தொடங்குவதற்கு ஏற்றது சாலையோர உணவகக் காட்சி. லோயிஸுக்காகத் தன் சக்தியைத் துறந்த கிளார்க்கை அங்கே ஒரு முரடன் அடித்து ரத்தம் வரவைக்கிறான். படம் முடியும் நேரத்தில் சக்தி திரும்பிய கிளார்க், அதே உணவகத்துக்கு வந்து அவனைப் புரட்டி எடுக்கிறான். இது இரண்டு பதிப்பிலும் இருக்கிறது. மாறுவது அதற்கு முன்னால் வருவது.

தியேட்டர் பதிப்பில் கிளார்க் லோயிஸை முத்தமிட்டு அவள் நினைவை மட்டும் அழிக்கிறான். மற்றவர்களுக்கு நடந்ததெல்லாம் நடந்ததே. முரடன் வாங்குவது நியாயமான பதிலடி. டானர் பதிப்பில் அவன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னுக்குத் தள்ளுகிறான். முதலில் இரண்டாம் படத்துக்கென்று யோசித்து, பிறகு முதல் படத்துக்கு மாற்றிய முடிவு அது. 2006ல் அதைத் திரும்ப இங்கே வைத்ததால், இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரே முடிவை இரண்டு முறை பார்க்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல் உணவகத்தில். காலம் பின்னால் போய்விட்டதால் அந்த முரடன் கிளார்க்கை அடிக்கவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவனை சூப்பர்மேன் வலியப் போய் உதைக்கிறான்.

இந்தக் காட்சிக்கு ஷாட் பட்டியல் போட்டால் இரண்டு தாளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஆறாவதாக ஒரு பத்தி சேர்த்து, ‘இவனுக்குக் கிளார்க்கை முன்பே தெரியுமா?’ என்று தலைப்பிடுங்கள். லெஸ்டர் தாளில் ‘தெரியும்’ என்று வரும், டானர் தாளில் ‘தெரியாது’ என்று வரும்.